டம்மி கேண்டிடேட்

கேண்டிடேட் என்ற ஆங்கிலச் சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் கற்றேன். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், கல்லூரியில் சேருகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். நிரப்பத் தெரியாதவர்களுக்கு அம்மாவே நிரப்பிக் கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் தாளைத் திருப்பி, கீழே வலது மூலையில் விரலை வைத்து, “கேண்டிடேட் சைன் இங்க” என்பாள். அந்த மூலைக்குத்தான் கேண்டிடேட் என்று பெயர் என ஐந்து வயதில் நினைத்திருந்தேன். எட்டு வயதில் அதைத் திருத்திக்கொண்டேன். ஃபைலை மார்போடு அணைத்தபடி, வேர்த்து விறுவிறுத்து வந்து, கடைசித் தேதி என்றைக்கு என்று நம்மையே கேட்பவர்கள்தான் கேண்டிடேட். இந்த இரண்டாவது பொருள் இன்றைக்கும் எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

அம்மாவும் ஒரு காலத்தில் கேண்டிடேட்டாக இருந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு தேர்வுகள் எழுதினாள். கிளார்க் வேலை, ரெவின்யூ ஆபீஸ் வேலை, அங்கன்வாடி வேலை என்று எதுவும் அமையவில்லை. அந்த ஆற்றாமையோ என்னவோ, மற்றவர்களுடைய ஃபாரத்தில் ஓர் எழுத்துகூடப் பிசக விடமாட்டாள். பிறந்த தேதியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ஃபோட்டோ கோணலாக ஒட்டியிருந்தால் பிரித்து மறுபடி ஒட்டுவாள். லாஸ்பேட்டைக் கல்லூரிப் பையன்கள்கூட வழியில் இருக்கிற நாலைந்து கடைகளைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் ஊரில் நகராட்சித் தேர்தல் வந்தது. அப்படி ஒரு தேர்தல் நடந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசியாக நடந்ததில் ஓட்டுப் போட்டவர்கள், அது எந்த வருஷம் என்பதிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, இருபது வருஷமாக ஒரு கட்சியில் இருந்தார். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டிதான். எங்கள் வார்டில் தானே நிற்பது என்று அவர் முடிவு செய்து, மனத்துக்குள் ஜெயித்தும்விட்டிருந்தார். அப்புறம்தான் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்தார்கள்.

இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் பெரியம்மாவை வேட்பாளராக நிறுத்துவதாகச் சொன்னார். பெரியம்மாவிடம் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கட்சியும் சம்மதித்தது. ஆனால் ஒரு விதி இருந்தது. பெரியம்மாவின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியாகிவிட்டால் கட்சிச் சின்னத்துக்கு ஆளில்லாமல் போய்விடும். அதனால் அதே கட்சியின் பேரில் இன்னொருவரும் மனுப் போட்டு வைக்க வேண்டும். மாற்று வேட்பாளர் என்பது அதன் முறையான பெயர். ஊரில் எல்லாரும் டம்மி கேண்டிடேட் என்றுதான் சொன்னார்கள். வெளி ஆளை நம்ப முடியாது என்பதால், பெரியப்பா தன் தம்பி மனைவியான என் அம்மாவை டம்மியாகப் போட்டார்.

இரண்டு மனுவையும் அம்மாதான் எழுதினாள். மனுவில், அந்த வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பெரியம்மாவின் மனுவுக்குத் தன் சிநேகிதரான அரிசிக் கடைக்காரரைப் பெரியப்பா அழைத்து வந்திருந்தார். அம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

“மாமா, அவர் எதிர் வரிசை வீடு. நம்ம வார்டு லிஸ்ட்ல ஒரு தடவ பாத்துடலாமா?”

“இருபது வருஷமா கட்சியில இருக்கேன். எனக்கு வார்டு தெரியாதாம்மா?” என்றார் பெரியப்பா.

அம்மா பேனாவைத் திறந்து அவர் பெயரை எழுதினாள். தன்னுடைய மனுவுக்கு யார் கையெழுத்து வாங்குவது என்று கேட்டபோது, அது சும்மா பேருக்குத்தானே, யாரையாவது போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். அம்மா வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்து வரிசை எண் பார்த்து, எங்கள் வரிசையிலேயே இஸ்திரி போடும் அக்காவிடம் கையெழுத்து வாங்கினாள். பெரியம்மா தன்னுடைய மனுவில் கையெழுத்துப் போடுவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். ஒவ்வோர் எழுத்தையும் போட்டுவிட்டு எட்டி நின்று பார்த்தாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. மனத்துக்குள் முள் தைத்தது அடுத்த நாள். கடைக்கு வந்த மாணவர்கள் இருவர், ஏதோ ஒரு வேலைத் தேர்வில் ஒருவனுக்குப் பதில் இன்னொருவன் போய்ப் பரீட்சை எழுதியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டம்மி கேண்டிடேட்டாக உட்கார்ந்தவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றான் ஒருவன். அம்மா ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமலே, “அடுத்தவன் பேர்ல போய் உக்கார்றவன உள்ளதான் வெக்கணும்” என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியம்மாவுக்குப் பதிலாக அம்மா மனுப் போட்டிருக்கிறாள். அதற்குப் பெயர் டம்மி கேண்டிடேட். டம்மி கேண்டிடேட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதை அம்மாவே ஒத்துக்கொள்கிறாள். அகராதி எடுத்துப் பார்த்தேன். கேண்டிடேட் என்பதற்கு வேட்பாளர் என்றும் தேர்வு எழுதுபவர் என்றும் விண்ணப்பிப்பவர் என்றும் போட்டிருந்தது. எல்லாம் ஒன்றுதான் என்று அந்த அகராதி சொல்லிவிட்ட பிறகு தப்பிக்க வழியில்லை. ஃபாரத்தில் ஓர் எழுத்துத் தப்பாமல் பார்க்கிற அம்மா, பெரியப்பாவின் பேச்சைக் கேட்டு இப்படிச் செய்துவிட்டாளே என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் அல்லவா?

மூன்றாம் நாள் மனுக்களைப் பரிசீலனை செய்தார்கள். லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தேர்தல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் காலையிலேயே போய்விட்டார்கள். டம்மி வரவேண்டிய அவசியமில்லை என்று பெரியப்பா சொன்னதால் அம்மா வீட்டில்தான் இருந்தாள். எனக்கு விடுமுறை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த ஒரே செல்போன் அவரிடம் இருந்தது.

மதியம் ஒரு மணி இருக்கும். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கடையில் இருந்தேன். ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

“இங்க டம்மி கேண்டிடேட் வீடு எது பாப்பா?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அம்மா கடலூருக்குப் போயிருக்கிறாள், சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக்குத்தான் வருவாள் என்று கடகடவென்று சொன்னேன். அவ்வளவு கச்சிதமாக நான் அதற்குமுன் பொய் சொன்னதில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கடை ஃபோன் அடித்தது. எடுத்து ரிசீவரை மேசையில் வைத்துவிட்டேன். ரிசீவருக்குள்ளிருந்து பெரியப்பாவின் குரல் போல ஏதோ கத்தி ஓய்ந்தது. அவரையும் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அம்மாவை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பெருமை, அந்தப் பயத்துக்கு நடுவிலும் எனக்கு இருந்தது.

நடந்தது வேறு. தெருவின் எதிர் வரிசை அடுத்த வார்டில் இருந்தது. அரிசிக் கடைக்காரர் எங்கள் வார்டு வாக்காளரே இல்லை. அதனால் பெரியம்மாவின் மனு தள்ளுபடியாகிவிட்டது. அம்மாவின் மனுவை எடுத்ததும், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஆட்சேபம் சொன்னார். வாக்காளர் பட்டியலில் அம்மாவின் பெயரோடு அவள் அப்பா பெயர் இருந்தது. மனுவில் கணவர் பெயர் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்பது அவருடைய கேள்வி. அதிகாரி மூன்று மணி வரை அவகாசம் கொடுத்து, வேட்பாளர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா அனுப்பிய கட்சி ஜீப்பைத்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

துணியை உலர்த்திவிட்டு அம்மா உள்ளே வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பாதி இறங்கிய ஷட்டரையும் ரிசீவரையும் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். “நீ பெரியம்மா பேர்ல போய் உக்காரலன்னு சொல்லிடும்மா” என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை வெளியே இழுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் யார் பேர்லயும் உக்காரல. என் பேர்லதான் போட்டிருக்கேன். என்னா புரியுதா?”

புரியவில்லை. தலையை ஆட்டினேன்.

ரிசீவரை ஃபோன்மேல் வைத்ததும் அது அடித்தது. அம்மா எடுத்துக் கேட்டாள். “வந்துட்டேன் மாமா” என்று வைத்துவிட்டாள். அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஓடவில்லை. பதறவில்லை. பீரோவிலிருந்து பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் எடுத்து, மிஷினைப் போட்டு, ஒவ்வொன்றையும் மூன்று பிரதி எடுத்தாள். வரிசைப்படி அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தாள். ஃபைலுக்குள் வைத்தாள். துணி துவைத்து ஈரமான புடவையை மாற்றிக்கொண்டு, என்னை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றினாள். ஃபைலை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். கருவடிக்குப்பம் வழியாகப் போனோம். மணி கேட்கலாமென்றால் அம்மாவிடம் பேசப் பயமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூட வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு வகுப்பறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம் மூன்றுக்குப் பத்து நிமிஷம் காட்டியது. ஓரத்து பெஞ்சில் பட்டுப் புடவையோடு பெரியம்மா இருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

“கேண்டிடேட் யாரு?” என்று அதிகாரி கேட்டார்.

“சொல்லுங்க சார்” என்று பெரியப்பா முன்னால் போனார்.

“உங்களக் கேக்கல. கேண்டிடேட் யாரு?”

அம்மா அவரைத் தாண்டிப் போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“நான்தான் சார் கேண்டிடேட்.”

எத்தனையோ பேருக்காக அந்தச் சொல்லை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தனக்காகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஆட்சேபம் சொன்னவர் ஏதோ சட்டப் பிரிவைச் சொன்னார். அம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்து வைத்தாள். பள்ளிச் சான்றிதழில் அவள் அப்பா பெயர். கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர், மாப்பிள்ளை பெயர் இரண்டும். ரேஷன் கார்டில் கணவர் பெயர். வாக்காளர் அட்டையில் இருக்கிற எண்ணும் மனுவில் எழுதிய எண்ணும் ஒன்று. கல்யாணமான பிறகும் பட்டியலில் அப்பா பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், அதனால் ஆள் மாறிவிடவில்லை என்றாள்.

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்காக யார் அடுக்கிக் கொடுத்தது என்று கேட்டார்.

“நான்தான் சார். ஜெராக்ஸ் கட வெச்சிருக்கேன். தெனம் இதான் வேல.”

முன்மொழிந்தவரின் வரிசை எண்ணையும் அவர் சரிபார்த்தார். இஸ்திரி அக்கா எங்கள் வார்டில்தான் இருந்தார். மனு ஏற்கப்பட்டது என்று சொல்லி அதிகாரி கையெழுத்துப் போட்டபோது, நான் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். இவள் என் அம்மா என்று அவர்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியாதவர்கள் இருந்துவிடக் கூடாது என்று போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு பதினைந்து நாள் பிரசாரம். போஸ்டரில் பெரியப்பாவின் படம் பெரிதாகவும், அம்மாவின் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. அந்தப் படம்கூட ஏதோ ஒரு பழைய ஹால் டிக்கெட்டுக்காக எடுத்தது. வீடு வீடாகப் போகும்போது பேசுவதெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், அம்மா கும்பிட்டால் போதும் என்றும் பெரியப்பா சொல்லியிருந்தார். இரண்டு தெரு அப்படித்தான் போனது. மூன்றாவது தெருவில் ஒரு அம்மாள் பெரியப்பாவைப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீ எதுக்கும்மா நிக்கிற என்று நேராகக் கேட்டாள்.

“வேல கேட்டு வந்திருக்கேங்க” என்றாள் அம்மா. “ஏழு தடவ மனுப் போட்டும் கெடைக்கல. இது எட்டாவது. குடுத்தீங்கன்னா ஒழுங்கா செய்வேன்.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அடுத்த வீட்டிலிருந்தே அம்மா தானே பேச ஆரம்பித்தாள். பெரியப்பா மெல்ல மெல்லப் பின்வரிசைக்கு வந்து, நோட்டீஸ் கொடுக்கிறவர்களோடு சேர்ந்து நடந்தார். தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய், ஒருவர் இருந்தார். ஆணாக இருந்தால் கந்திதா, பெண்ணாக இருந்தால் கந்திதாத் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, “மதாம் கந்திதாத்” என்று எழுந்து நின்றார். பெண்களுக்கு ஓர் எழுத்து அதிகம் என்பதில் எனக்கு மகா திருப்தி. அந்தச் சொல்லின் வேர் வெள்ளை உடை என்றும், பழைய ரோமாபுரியில் பதவி கேட்கப் போகிறவர்கள் வெள்ளை உடுத்திப் போவார்கள் என்றும் பிற்பாடு கல்லூரியில் படித்தேன். அம்மா அந்தப் பதினைந்து நாளும் பச்சை, நீலம், அரக்கு என்று தன்னிடமிருந்த நூல் புடவைகளைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போனாள்.

கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அம்மா ஜெயித்தாள். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. கவுன்சிலர் என்ற புதுச் சொல்லை என் நோட்டுப் புத்தகங்களில் எத்தனை இடம் கிடைத்ததோ அத்தனை இடத்திலும் எழுதி வைத்தேன்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்ன விஷயம்.

அம்மா நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாமினேஷன் போட எனக்கு அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. பெரியம்மா வந்தாள். பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். மனு தள்ளுபடி என்று அதிகாரி கொடுத்த உத்தரவு.

“இதுல என் பேரு எங்க இருக்கு, காட்டு.”

காட்டினேன்.

“அதுக்கு முன்னாடி என்னா போட்டிருக்கு?”

“வேட்பாளர்னு போட்டிருக்கு பெரியம்மா.”

அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை லாமினேஷன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள்.

“இது தள்ளுபடி ஆன பேப்பர் பெரியம்மா. எதுக்கும் ஆவாது” என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில்தான் சொன்னேன்.

“தெரியும். போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். சூடு ஆறும்வரை இருந்து, முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இதை ஒரு பெரிய தமாஷாகச் சொன்னேன். தள்ளுபடி செய்த காகிதத்தை யாராவது லாமினேஷன் போடுவார்களா என்று கேட்டு நானே சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஓரத்துல காத்து நிக்காம போட்டியா?”

“ஒரு பொட்டு காத்து இல்லம்மா” என்றேன்.

“மடிப்பு?”

“மடிப்ப நல்லா நீவிட்டுத்தான் போட்டேன்.”

அம்மா சரி என்று தலையசைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தது அவள். கூட்டத்தில் முதல் தடவையாகப் பேசிவிட்டு வந்திருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், ஒன்றுக்கும் ஆகாத காகிதத்தின் மடிப்பைப் பற்றி ஏன் கேட்கிறாள் என்று எனக்கு அலுப்பாக இருந்தது.